புருல்சா கேட்ட இடுப்பெலும்பு

புருல்சா மோட்டார் சைக்கிள் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் உயிர் போகும், அவளுக்கு ஒன்றும் ஆகாது. கோடையில் ஆடு மேய்க்க ஏறும் நரின் மலைகளில் பன்னிரண்டு வருஷமாக நான் அவளுடைய பக்கத்துக் கூடாரத்துக்காரி. கணவன் சபிருக்கு முதுகு சரியில்லை என்று அவனை வண்டியோடு ஒட்டியிருக்கும் பக்கப்பெட்டியில் உட்கார வைத்து ஓட்டிப் பழகியவள் அவள். போன குளிர்காலத்தில் சபிர் நெஞ்சடைத்து இறந்துபோனான்.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்த கையோடு அவன் அண்ணன் இதிரிஸ் வந்தார்.

"இனிமே நீ தனியா எதுக்கும்மா மலையேறணும்? ஆடெல்லாம் என் மந்தையோட சேரட்டும், நீயும் எங்க அடுப்போட சேர்ந்துக்கோ. சபிரோட இடத்துல நானே கூடாரம் போட்டுக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மலையில் மேய்ச்சல் இடம் வீட்டுக்கு ஒன்று. புருல்சா தன் வீட்டு மருமகள், அவளுக்கென்று தனி வீடு கிடையாது என்று ஆக்கிவிட்டால் அந்த இடமும் அவர் கைக்குப் போய்விடும்.

ஜூன் வந்தது. மலையேறத் தன் லாரியைத் தர முடியாது என்றார் இதிரிஸ். என் கணவர் அவள் ஆடுகளையும் எங்கள் மந்தையோடு ஓட்டிக்கொண்டு முன்னால் போயிருந்தார். கூடாரத்தின் கம்பளியும் சுவர்ச் சட்டங்களும் கழிகளும் மேலேயே ஒரு கொட்டகையில் கிடந்தன. கூரை உச்சியில் வைக்கிற மரவளையம் மட்டும்தான் குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வரும். அது இருக்கும் இடம்தான் வீடு. புருல்சா அதைப் பக்கப்பெட்டியில் நிறுத்தி வைத்துக் கயிற்றால் இறுக்கினாள்.

"வர்றியா, இல்ல பயந்து சாவறியா?"

"ரெண்டும்தான்" என்று ஏறிக்கொண்டேன்.

கணவாயில் பனி கொட்டியது. இரண்டு ஓடைகளில் வண்டியைத் தள்ளினோம், மூன்றாவதில் நான் விழுந்தேன். அவள் இறங்கி வந்து முதலில் வளையத்தைத் தடவிப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. கோபத்தில் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கணவாய்க்குக் கீழே அசன்கோஜோவின் கூடாரத்தில் ஒதுங்கினோம். போன இலையுதிர் காலத்தில் கல்யாணமான பையன். சொந்தக் கூடாரத்தில் இதுதான் அவனுக்கு முதல் கோடை. யார், எதற்கு என்று எதுவும் கேட்காமல் ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும் வைத்தான். வந்தவர்கள் சாப்பிடும் முன் கேள்வி கேட்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அடுத்த கால் மணி நேரத்தில் இன்னொருவரும் பனியில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இதிரிஸ்தான். சபிரின் இடத்தைப் பிடிக்கத் தன் காரில் கிளம்பியிருக்கிறார்.

மூன்று விருந்தாளி என்றதும் பையன் ஆடு அறுத்துவிட்டான். பொழுது சாயும் நேரத்தில் கறி வெந்து வந்தது. விருந்தில் யாருக்கு எந்த எலும்பு என்பது எங்களுக்கு விளையாட்டு இல்லை. இன்னார் தனி வீடு, இன்னார் இன்ன வீட்டு ஆள் என்பதை எவரும் தாளில் எழுதி வைப்பதில்லை. எலும்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள், ஒரு வாரத்தில் மலை முழுக்கப் பேசுவார்கள்.

தலை இதிரிஸுக்குப் போனது, சரிதான், மூத்தவர். அடுத்து புருல்சாவைப் பார்த்துப் பையன் தயங்கினான்.

"எங்க வீட்டு மருமகதான் தம்பி" என்றார் இதிரிஸ். "சின்னக் கால் எலும்பு போதும்."

பையன் அதை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இது மருமகளுக்குத் தர்றது தம்பி. எனக்கு இடுப்பெலும்பு கொடு."

"அது வீட்டுத் தலைக்கு, அக்கா."

"வெளிய போய் என் வண்டியப் பாரு. வீடு இல்லாதவளா அந்த வளையத்தக் கட்டிக்கிட்டு கணவாய் தாண்டுவா?"

"புருல்சா! அடுத்தவன் வீட்டுச் சோத்துல வம்பு பண்ணாத."

"வம்பு நான் பண்ணல மாமா. என் எலும்ப நான் கேக்கறேன்."

பையனுக்கு வேர்த்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே வெளியே போனான். வரும்போது தலையெல்லாம் பனி. அடுப்போரம் இருந்த மனைவியைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கூடாரம் யாருது?"

"இதென்ன கேள்வி? என்னுதுதான்" என்றாள் அந்தச் சின்னப் பெண், கரண்டியைக்கூட நிறுத்தாமல்.

அவன் இடுப்பெலும்பை எடுத்துப் புருல்சாவின் கையில் வைத்தான். எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. இதிரிஸ் கத்தியை எடுத்து ஆட்டுத்தலையை அறுத்துத் தின்னத் தொடங்கினார். அதே விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், அவளுக்குத் தனி வீடு இல்லை என்று இனி வெளியே போய் மாற்றிப் பேச முடியாது.

காலையில் அவர் கார் கிளம்ப நேரமாயிற்று. நாங்கள் முந்திக்கொண்டோம். சபிரின் இடத்துக்கு வந்து, கொட்டகையைத் திறந்து சுவர்ச் சட்டங்களை வட்டமாக நிறுத்தினோம். வளையத்தை உயர்த்துவது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. புருல்சா வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, இருக்கைமேல் ஏறி நின்று, கவைக்கழியால் வளையத்தை மேலே தூக்கினாள். நான் சுற்றிச் சுற்றிக் கழிகளைச் சொருகினேன். தூக்கிப் பிடித்தபடியே அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்பு புகையும்போது இதிரிஸ் வந்து வாசலில் நின்றார்.

"தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன். உள்ள வாங்க மாமா, தேநீர் கொதிக்குது" என்றாள். "விருந்தாளி யார் வந்தாலும் என் வீட்டுல இல்லைன்னு சொல்றதில்ல."