நிக்கலும் என் மூக்கும்

என் வீட்டுக்காரருக்கு வாசனையே தெரியாது என்பதை, கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். தீய்ந்துபோன சாம்பாரை இரண்டாம் முறையும் ஊற்றச் சொல்லி, "ரொம்ப நல்லாருக்கு" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். அப்புறம்தான் சொன்னார், சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போயிற்றாம். "ஆலையில யாருக்கும் தெரியாது. சொல்லிடாதே."

அவர் நீரிணைக் கரையிலிருந்த ஒரு சவுக்கார ஆலையில், சோப்பு ஆலைதான், கெமிஸ்ட். மலிவான மீன் எண்ணெயை நிக்கல் தூளோடு சூடாக்கி, அதற்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டிக் கொழுப்பாக்கும் வேலை. சாயங்காலம் மீன் நாற்றத்தோடு வருவார், அது அவருக்கே தெரியாது. கிணற்றடியில் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவேன்.

ஒரு சமயம் எண்ணெய் கெட்டிப்படவே இல்லை. புது நிக்கல் போட்டாலும் இரண்டு கொதி எண்ணெய்க்குள் அது வேலை செய்யாமல் செத்துப்போயிற்று. அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் மதியம் நானே சோறு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா கதவைத் திறந்துவிட்டார். கொட்டகைக்குள் கால் வைத்ததும், அந்த மீன் வாடையையும் மீறி ஒன்று மூக்கில் ஏறியது.

"இங்க யாரு அழுகின முட்டையைப் போட்டு வச்சிருக்கீங்க?"

கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் சிரித்தார். "முட்டையா? ஒண்ணும் இல்லையேம்மா." நாளெல்லாம் அங்கேயே நின்று அவர் மூக்கு பழகிப்போயிருந்தது. மோந்து பார்க்கும் வேலையை என் வீட்டுக்காரர் அவரிடம்தான் விட்டிருந்தார்.

இவர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரும்புத் துருவும் மரத்தூளும் நிரப்பிய ஒரு பெரிய பெட்டி வழியாக வாயு போய்க்கொண்டிருந்தது. அதன் இரு பக்கக் குழாயையும் துளித் துளி திறந்து என்னை மோந்து பார்க்கச் சொன்னார்.

"பெட்டிக்கு முன்னால நாறுதா, பின்னாலயா?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க. கொஞ்சங்கூடக் குறையல."

அப்படியே ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அங்கேயே சோற்றைப் பிசைந்துகொண்டு விளக்கினார்: "நிக்கல் கல்யாணத் தரகர் மாதிரி. எண்ணெயையும் வாயுவையும் சேர்த்து வச்சிட்டு விலகிடும், அடுத்த ஜோடிக்குப் போகும். வாயுவில கந்தகம் இருந்தா அது தரகரையே பிடிச்சுக்கும். அந்தக் கந்தகத்தைத் தடுக்கத்தான் பெட்டி. இப்ப துரு தீர்ந்துபோச்சு."

"நம்ம தரகர் விலகவே இல்லையே, போன வாரங்கூடச் சாப்பிட வந்தாரு," என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

பெட்டியில் புதுத் துரு நிரப்பினார்கள். அடுத்த கொதியில், மெழுகு போல வெள்ளையாக ஒரு கட்டியை இலையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"மீன் வாடை?"

"துளிகூட இல்லைங்க."

"நெசமாவா? இன்னொரு தரம் பாரு."

பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் தன் மூக்கின் விஷயத்தை ஆலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் அவரே சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று நான் பயந்து கிடந்தேன். துரையோ, கந்தகம் பட்டால் கறுக்கும் ஈயக் காகிதத்துக்குச் சிங்கப்பூருக்கு ஆர்டர் அனுப்பிவிட்டு, அது வரும்வரை அம்மா வந்து மோந்து பார்க்கட்டும் என்றாராம். நான் போனபோதெல்லாம் மண்டோர் முக்காலியைத் துடைத்துப் போட்டார். காகிதம் வந்த பிறகும் மதியச் சோற்றை நானேதான் எடுத்துப் போனேன்.