நைனா கட்டிய பூப் பொட்டலங்கள்

என் நைனா மை காய்ச்சித்தான் தலையெடுத்தார். வடஆற்காட்டில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடங்களுக்குச் சிலேட்டும் பலப்பமும் விற்றுக்கொண்டிருந்தவர், மயிலாப்பூருக்கு வந்து மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டுவீடு பிடித்தார். கொல்லையில் அண்டா வைத்துக் கடுக்காயும் அன்னபேதியும் போட்டு எழுதுகிற மை செய்தார். உலகச் சண்டை வந்து சீமை மை நின்றுபோனதும் அவருடைய மைக்கு அப்படியொரு கிராக்கி. எங்கள் வீட்டில் எல்லோர் நகக்கண்ணிலும் நீலம் இருக்கும். சோற்றில்கூட நீலம் ஒட்டுகிறது என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

எல்லோரும் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். அவரோ, நான் என்ன செய்தேன், எல்லாம் கபாலி பார்த்துக்கொள்கிறான் என்பார். அது வாய்ப்பேச்சு இல்லை. பூக் கட்டிப் பார்க்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் வைத்து, இரண்டையும் ஒன்றுபோல மடித்து, சாமி படத்துக்கு முன்னால் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் ஒரே பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மை காய்ச்சலாமா என்று கேட்டபோது எனக்கு மூன்று வயதாம், வெள்ளையை எடுத்தேனாம். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார்.

அவர் கட்டுவது மல்லிகையும் செவ்வரளியும். மல்லிகை காகிதத்தைத் தாண்டி மணக்கும். எட்டு வயதில் இதைக் கண்டுபிடித்துவிட்டேன். கும்பிடுவதுபோலக் குனிந்து மூச்சை இழுத்தால் போதும். அத்தை வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால் சிவப்பை எடுப்பேன், அத்தை தலையில் குட்டுவாள். திருவல்லிக்கேணியில் ஒரு கடை போடலாமா என்றால் வெள்ளை, கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே! சாமி பெயரில் இப்படித் திருட்டுத்தனம் செய்தேன். யாருக்கும் தெரியாது என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

எனக்குப் பத்து வயதான கோடையில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு புடவையும் சீப்பும் டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்தாள். தான் வரும்வரைக்கும் எனக்குத் தலை பின்னிவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டாள். அந்தப் புண்ணியவதிதான், வயிற்றைக் கிழித்தால் யாரும் வீடு திரும்புவதில்லை என்று என் காதில் ஓதினாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நைனா கோயிலுக்குப் போய்விட்டு வந்து பொட்டலங்களைப் போட்டார். குனிந்தேன். இடது பக்கம் மணத்தது. வலது பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அரளியைப் பார்த்துவிட்டு நைனா காகிதத்தை மறுபடியும் மடித்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாதான் பேசினாள்.

“சாமியே வேணாம்னுட்டாரு. விடுங்க, நான் இங்கயே இருக்கேன்.”

புடவைகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு! வலித்திருக்கும், கையை விலக்கிவிட்டு, மெதுவாடி என்றாள். லேகியம், கஷாயம், மந்திரிப்பு என்று என்னென்னவோ செய்தார்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்க அம்மா இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், பகவான் உத்தரவு, யார் என்ன செய்யமுடியும் என்றார்கள். நைனா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் பூக் கட்டவே இல்லை. சாமிமேல் கோபம் என்று நினைத்தேன். அம்மாவைக் கொன்றவள் நான். இதை யாரிடம் போய்ச் சொல்ல? ஆறு வருஷம் இந்த வார்த்தையோடு தூங்கி, இந்த வார்த்தையோடு எழுந்தேன். நைனா கிண்டிப் பக்கம் இடம் வாங்கிப் பெரிய ஷெட் போட்டார். கம்பெனி வளர்ந்தது. பக்திமான், அதுதான் தொட்டதெல்லாம் துலங்குகிறது என்று ஊர் சொன்னது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. இந்தப் பாவத்தோடு இன்னொரு வீட்டுக்குப் போக மனம் ஒப்பவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம், மணத்தை வைத்துத்தான் எடுத்தேன், அம்மா போகக்கூடாது என்று வேண்டுமென்றே எடுத்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“தெரியும்மா,” என்றார். “அத்தை வீட்டுக்கு வேணாம்னு எடுத்தியே, அன்னிக்கே நீ மோந்து பாக்கறதைப் பாத்துட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“அவ தைரியமாத்தான் இருந்தா. எனக்குத்தான் பயம். வேணாம்னு என் வாயால சொல்ல முடியல. வாசனையில்லாத நந்தியாவட்டை கொல்லையில பூத்துதான் கெடந்துது. நான்தான் மல்லியப் பறிச்சேன். நீ எதை எடுப்பேன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்.”

ஆறு வருஷம்! தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். நான் ராத்திரியில் அலறி எழுந்தபோதெல்லாம் விபூதி பூசிவிட்ட மனிதர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மன்னித்துவிடம்மா என்று என் கையைப் பிடிக்க வந்தார். கையை இழுத்துக்கொண்டு, சாப்பாடு ஆறிப்போகிறது என்றேன்.

அம்மா இல்லாததால் சித்தப்பாவும் சித்தியும்தான் மணையில் உட்கார்ந்து என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். நைனா தூண் ஓரமாக நின்று அழுதார். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று நினைத்து எல்லோரும் தேற்றினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தார். நான் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மழையைப் பற்றிப் பேசினேன், விலைவாசியைப் பற்றிப் பேசினேன், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினேன். அதை மட்டும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் அவரும் போய்விட்டார்.