அழுக்குப் படாத பட்டை

எங்கள் பக்கத்தில் பேச்சு முற்றினால், "காணிப்பாக்கத்துல வந்து சொல்வியா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தேறியதில்லை. ஆகவே அந்தப் பெயரை இழுத்த பிறகு யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. நான் ஏமாந்ததும் அந்தப் பெயரை நம்பித்தான்.

என் மகளுக்கு இரண்டு வயதாகியும் நிற்க வரவில்லை. திருப்பதியில் குழந்தைகளுக்குக் கால் பயிற்சி கொடுக்கும் அம்மா, கால்களைப் பட்டையால் கட்டி நிற்கவைக்கும் மரச்சட்டம் ஒன்றைக் கொடுத்தார். "காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. சின்ன வயசுல பண்றதுதாம்மா பலன். ஒரு நாள்கூட விடாதீங்க" என்றார்.

வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி சீசன் தொடங்கியதும் நான் பழம் வெட்டப் போனேன். குழந்தையையும் சட்டத்தையும் அதே வீட்டில் இருந்த என் நாத்தனாரை நம்பி விட்டேன்.

வந்ததும் கேட்பேன். "நிக்க வெச்சீங்களா அண்ணி?"

"ரெண்டு வேளையும் வெச்சேன். அழுதுகினேதான் நின்னா."

"காணிப்பாக்கத்துல சொல்வீங்களா?" என்று சிரிப்பேன்.

"வந்து சொல்றேன். நீ மொதல்ல போய் துன்னு."

மூன்று மாதம் கழித்துத் திருப்பதிக்குப் போனபோது, அந்த அம்மா குழந்தையின் பாதத்தை அழுத்திப் பார்த்தார். முன்பு தரையைத் தொட்ட வலது குதிகால் இப்போது தொடவில்லை. பிறகு நான் கொண்டுபோயிருந்த சட்டத்தின் பட்டையை எடுத்தார். ஒரு துளைகூட விரியவில்லை, ஒரு பொட்டு அழுக்கில்லை.

"இது கட்டவே கட்டாத பட்டைம்மா" என்றார்.

பழம் வெட்டும் பெண்கள் சொல்வார்கள், கொட்டைக்குள் வண்டு இருக்கிற பழத்தின் தோலில் ஓட்டையே இருக்காது என்று.

நாத்தனார் மழுப்பவில்லை. "எம் பொண்ண பாக்க கங்காதர நெல்லூர்லருந்து வந்து போய்க்கினு இருக்காங்க. கூடத்துல இத்த பாத்தா இன்னா நெனைப்பாங்க? அதான் நீ வேலைக்குப் போனதும் பரண்ல போட்டு, வர்றதுக்குள்ள எறக்கி வெச்சேன்."

"காணிப்பாக்கத்துல சொல்றேன்னீங்களே அண்ணி."

"இப்ப வா, அங்கயே சொல்றேன். பரண்ல போடச் சொன்னதே உன் வூட்டுக்காரன்தான். நிச்சயம் முடியட்டும்னு போன்ல சொன்னான்."

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவரையே கேட்டேன்.

"மூணு மாசம்தானே" என்றார்.

வேலி பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன். இது விதைத்தவரே மேயவிட்டது. போனை வைத்துவிட்டு வந்து, சட்டத்தை வாசலுக்கு நேராகக் கூடத்தில் வைத்து மகளைக் கட்டினேன். பட்டை விறைப்பாக இருந்தது. அவள் அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் மகளைப் பார்த்தார், சட்டத்தைச் சுற்றி வந்தார், என் பக்கத்தில் குனிந்தார்.

"இது எங்கம்மா கெடைக்குது? எம் பொண்ணு வயித்துப் பேரனுக்கும் நிக்க வரல. வெளிய யார்கிட்டயும் சொல்லல."

நாத்தனார் காபித் தட்டோடு அப்படியே நின்றார். நான் திருப்பதி விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

நிச்சயம் முடிந்தது. என் மகள் நான்கு வயதில் நடந்தாள். வலது குதிகால் மட்டும் இன்றும் தரையில் படாது.