அறுபதுன்னா அறுபதுங்க

பள்ளிக்கூட நாட்களில் எனக்கு ஒரு பால்காரரைக் கண்டாலே ஆகாது. அவர் இருந்தது கணக்குப் புத்தகத்துக்குள். பாலில் தண்ணீரைக் கலந்துவிட்டு, எவ்வளவு கலந்தேன் சொல் பார்க்கலாம் என்று என்னைக் கேட்பார். கலந்தவர் அவர், கேள்வி மட்டும் என்னிடமா? 'x என்று வைத்துக்கொள்வோம்' என்று டீச்சர் ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். திட்டிக்கொண்டேதான் பாஸ் ஆனேன்.

பல வருஷம் கழித்து, குன்னூரில் எங்கள் வீட்டு அடுக்களையில் நானும் என் நாத்தனாரும் சாக்லேட் செய்ய ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். ஊட்டியில் ஒரு சாக்லேட் கடையில் நாள் முழுக்க நின்றபடியே எடை போட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, "நாமளே பண்ணலாங்க அண்ணி" என்றாள். எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது.

முதல் பெரிய ஆர்டர் ஒரு தங்கும் விடுதியிலிருந்து வந்தது. பத்து கிலோ டார்க் சாக்லேட், கோகோ அறுபது சதவீதம். அறைக்கு அறை வைக்கிற அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்களாம். "அறுபதுன்னா அறுபதுங்க. முன்னாடி குடுத்தவங்க ஏமாத்திட்டாங்க" என்று மேனேஜர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கொடுக்க வேண்டும். நாத்தனாரின் பழைய முதலாளியும் அதே சனிக்கிழமையைத்தான் கெடு வைத்திருந்தார். திரும்ப வருவதானால் அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார். இந்த ஆர்டர் கெட்டால் பழையபடி கடையில் போய் நிற்பது என்று அவள் முடிவே செய்திருந்தாள்.

அறுபது சதவீத சாக்லேட் கட்டி எங்கேயும் கிடைக்கவில்லை. எழுபதும் நாற்பத்தைந்தும்தான் கிடைத்தன. இரண்டையும் உருக்கிக் கலக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலை நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தபோது வீடே மணந்துகொண்டிருந்தது. பெரிய பாத்திரம் நிறைய சாக்லேட் பளபளவென்று சுழன்றது.

"முடிச்சுப்போட்டேனுங்க அண்ணி! அதுல அஞ்சு கிலோ, இதுல அஞ்சு கிலோ!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாதிக்குப் பாதியா? யாரு சொன்னா?"

"டீத்தூளெல்லாம் நாம அப்படித்தானுங்களே கலக்கறோம்?"

எங்கள் மலையில் இலைத்தூளான லீஃபும் பொடித்தூளான டஸ்டும் பாதிக்குப் பாதி கலக்காத வீடே கிடையாது. அந்தப் பழக்கம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. "எழுபதும் நாப்பத்தஞ்சும் நூத்திப் பதினஞ்சு. அதுல பாதி அம்பத்தேழரை. அறுபது எங்க புள்ள இருக்குது?"

"ரெண்டரைதானுங்க கம்மி. தின்னா தெரியுமாக்கும்?"

"தெரியாது! அதுக்காகப் பொய்யைச் சுத்திக் குடுக்கச் சொல்றியா?" என்று கத்திவிட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எழுபது சதவீதக் கட்டியில் மிச்சம் இருந்தது மூன்றே கிலோ. பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டதால், கோயமுத்தூரிலிருந்து சரக்கு வர வழியில்லை. கோத்தகிரி வழியாகச் சுற்றி வர லாரிக்காரர் மாட்டவே மாட்டேன் என்றார்.

"கொஞ்சங் கொஞ்சமாச் சேத்து ருசி பாக்கலாங்களா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நாக்குக்கு சதவீதம் தெரியுமா? பேனாவை எடு."

சாக்லேட் சுற்றும் தாளில் ஒன்றை இழுத்து, என் எதிரி x-ஐ நானே எழுதினேன். பாத்திரத்தில் பத்து கிலோ. அதில் கோகோ மட்டும் ஐந்தே முக்கால். எழுபதிலிருந்து இன்னும் x கிலோ போட்டால் கோகோ 0.70x கூடும். மொத்த எடை 10 + x ஆகும். அதில் அறுபது சதவீதம் கோகோவாக இருக்க வேண்டும்.

5.75 + 0.70x = 0.60(10 + x)

அடைப்புக்குறியை உடைத்தேன். வலது பக்கம் 6 + 0.60x. அந்த 0.60x-ஐ இந்தப் பக்கம் தள்ளினால் 0.10x = 0.25. x = 2.5.

"ரெண்டரை! நம்மகிட்ட மூணு இருக்குது புள்ள, மூணு!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். நாத்தனாருக்கு நம்பிக்கையில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு சரிபார்த்தாள். மொத்தம் பன்னிரண்டரை, கோகோ ஏழரை. வகுத்தால் அறுபது. "அட, அட, அட!" என்று துள்ளி என்னைக் கட்டிக்கொண்டாள். என் சேலையெல்லாம் சாக்லேட். யாருக்கு வேண்டும் சேலை? அடுப்பைப் பற்றவைத்தோம். ருசியோ ஜாதகமோ இல்லாமல், இரண்டு வரி எழுதி ஒரு கெட்டுப்போன பாத்திரத்தை மீட்டுவிட்டோம் என்பதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதோடு விடாமல் அவள் கணக்கை முதலிலிருந்தே ஒரு முறை போட்டாள். எழுபதில் ஆறு கிலோவும் நாற்பத்தைந்தில் நாலும் கலந்திருக்க வேண்டும் என்று வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை மேனேஜர் அம்மா ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "அறுபதுன்னு எப்படி நம்பறது?" என்றார். நாத்தனார் தாளை விரித்து வரி வரியாகச் சொல்லிக் காட்டினாள். அவர் தானும் ஒரு முறை வகுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அடுத்த மாசம் அறுபத்தஞ்சுல பத்து கிலோ வேணும். முடியுங்களா?"

நான் மனசுக்குள் x வைப்பதற்குள், மேசையிலிருந்த பேனாவை அவள் எடுத்துவிட்டாள். "எழுபதுல எட்டு, நாப்பத்தஞ்சுல ரெண்டு. குடுத்தர்றோமுங்க." நான் போட்டு முடித்தபோது எனக்கும் அதேதான் வந்தது.

விடுதி கேட்டைத் தாண்டியதும் பழைய முதலாளிக்குப் போன் போட்டாள். "அண்ணா, நான் வரலீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க." அவர் ஏதோ சொன்னார். "இல்லீங்க, யோசிக்க ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிட்டாள்.

போனைப் பைக்குள் போட்டாள். "பயமா இருக்குதுங்க அண்ணி."

"எனக்கும்தான்" என்றேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் இருவரும் நடந்தே இறங்கினோம்.