முட்டை வாத்தியார் மெக்கானிக்குகளுக்கு வைத்த பரீட்சை

கணக்கு வாத்தியாருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் முட்டை வாத்தியார் என்று பெயர். வைத்தவர்கள் பிள்ளைகள். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் அவர் முட்டைதான் போடுவார். "விடை பக்கத்துல உக்காந்திருக்கறவன்கிட்டயும் இருக்கும். நீ எப்படி வந்தேன்னு காட்டு" என்பார். இது ஒன்றைத் தவிர மற்றபடி சாது. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது என்றால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு பல் டாக்டர் போகிற அவசரத்தில் தள்ளிவிட்ட கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, கழற்றி வைக்கக்கூடிய கூரை. ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாக இருந்தது, வெயிலில் காய்ந்து காய்ந்து செங்கல் நிறமாகிவிட்டது. உள்ளே போய் உட்காருவது கிணற்றில் இறங்குவது மாதிரி. வெளியே வருவதற்கு யாராவது கை கொடுத்தால் நல்லது. கம்பெனிக்காரன் என்ன வேகத்துக்காக அதைச் செய்தானோ தெரியாது, வாத்தியார் அதை ஓட்டும்போது பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். வேகமாகப் போனால் வண்டிக்கு வலிக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டின் தலைமை நர்ஸ். அவர் குரல் கேட்டால் மாவுக்கட்டு போட்ட காலே எழுந்து நின்றுவிடும் என்பார்கள். அவருக்குக் காரைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. "இதுல ஏறி இறங்கியே உங்க இடுப்பு என் வார்டுக்கு வரப்போகுது பாருங்க" என்பார். அதோடு விட்டுவிடுவார்.

வம்பு எப்போது வந்தது என்றால், காரை இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் கடையை மூடிவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான். அவர் போன கையோடு கார் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு தடவை நின்றது. அப்புறம் பாலத்தின் மேல் நின்றது. கடைசியில் தலைமையாசிரியர் வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு, அவர் அவசரமாக வெளியே கிளம்புகிற நேரம் பார்த்து நின்றது.

அன்று சாயங்காலம் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்குச் சோபாக் கடை. பார்க்கிற பொருளெல்லாம் அவன் கண்ணுக்கு உட்காருகிற பொருளாகத்தான் தெரியும். காரைப் பார்த்ததும் அளவு டேப்பை எடுத்துவிட்டான்.

"மாமா, இதைக் குறுக்கால அறுத்து, பின்பக்கத்துக்கு மெத்தை தைச்சுப் போட்டோம்னா சூப்பர் சோபா ஆயிடும். கடை வாசல்ல வெச்சா கூட்டம் அள்ளும்."

வாத்தியார் காருக்கும் டேப்புக்கும் நடுவில் போய் நின்றார். மனைவி முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"என்னங்க, என் கடைசி வேலை நாள் அன்னிக்கு இதுல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கீங்க. வாங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அத்தனை பேர் பாக்க நடுரோட்டுல நின்னுச்சுன்னா, மறுநாளே இவன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் வாத்தியார். வேறு என்ன சொல்ல முடியும்? மச்சான் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்களாக இருந்தால் நாலு பேரை விசாரிப்பார்கள். வாத்தியார் பரீட்சை வைத்தார். காரின் எஞ்சினில் வரிசையாக நாலு பிளக், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒயர். மூன்றாவது ஒயரை லேசாகப் பிடுங்கி, கழன்றது வெளியே தெரியாதபடி வைத்துவிட்டால் எஞ்சின் கல் குத்தின கால் மாதிரி நொண்டி நொண்டி ஓடும். ஒயரைத் திரும்ப அழுத்திவிட்டால் சரியாகிவிடும். இதுதான் கேள்வி. யார் உண்மையைச் சொல்கிறார்களோ அவர்கள் பொறுப்பில்தான் இனிமேல் கார். தன் புத்தியை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட, ஏசி வைத்த இடம். உள்ளே போனதும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். டை கட்டின ஒரு பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "சார், மனசைத் தேத்திக்கங்க. எஞ்சினையே இறக்கணும்" என்றான். காபி நன்றாக இருந்ததால் வாத்தியார் அதற்கு மட்டும் ஐந்து மார்க் போட்டார்.

இரண்டாவது, அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற ஷெட். அண்ணன் கார்புரேட்டர் என்றான். தம்பி கியர்பாக்ஸ் என்றான். கொஞ்ச நேரத்தில் கார் மறந்து போய், அப்பா வீட்டின் மாடி யாருக்கு என்கிற பேச்சு வந்துவிட்டது. ஸ்பேனர் பறக்கும்போல இருந்தது. வாத்தியார் நொண்டிக்கொண்டிருந்த காரை வெளியே எடுத்து வந்தார்.

மூன்றாவது இடம் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், பழைய டயர்கள் மலையாகக் குவிந்து கிடக்கிற ஷெட். அங்கே இருந்தவரை எல்லாரும் புலம்பல் என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் வைத்தவனுக்குக் கோடி புண்ணியம். மனிதர் பானெட்டைத் திறந்த நிமிஷத்திலிருந்து புலம்ப ஆரம்பித்தார்.

"ஐயோ, என்ன சார் இப்படி வெச்சிருக்கீங்க? புள்ளைய இப்படியா வளர்ப்பாங்க? இந்த ரேடியேட்டர் குழாயப் பாருங்க, அப்பளம் மாதிரி நொறுங்குது. ஒரு நாள் வெடிச்சு நடுத்தெருவுல மானத்த வாங்கும். ஹாரன் இன்னும் ஒரு வாரம் தாங்காது. சீட்டு கோணல். நீங்களே கொஞ்சம் கோணலாத்தான் நிக்கறீங்க, முட்டி வலியா?"

புலம்பிக்கொண்டே அவர் கை பாட்டுக்கு எஞ்சினைத் தடவிக்கொண்டு போய், மூன்றாவது ஒயரை ஓர் அழுத்து அழுத்தியது. எஞ்சின் சுருதி சேர்ந்து ஓடியது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. குழாயிலேயே நின்றார்.

"நொண்டிக்கிட்டு இருந்துச்சே, அதுக்கு என்ன காரணம்?" என்று வாத்தியார் கேட்டார்.

"நொண்டுச்சா? இப்ப நல்லாத்தானே ஓடுது. அத விடுங்க சார், குழாயப் பாருங்க!"

வாத்தியார் மனதுக்குள் சிவப்புப் பேனாவைத் திறந்தார். விடை வந்திருக்கிறது, வழிமுறை காட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்காத குழாயைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை. ஹாரன் வேறு கணீரென்று அடித்துக்கொண்டிருக்கிறது, அது போய்விடும் என்கிறார். முட்டை!

ஒயரை மறுபடி பிடுங்கிவிட்டுப் போன நாலாவது இடத்தில்தான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சலவைச் சட்டை, சிரித்த முகம், நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. பானெட்டை இன்னும் திறக்கக்கூட இல்லை.

"சார், மூணாவது பிளக் ஒயர் கழண்டிருக்கு. அதனால அந்த சிலிண்டருக்கு நெருப்பு வரல. நெருப்பு வரலேன்னா எரியாது. எரியலேன்னா நொண்டும். அழுத்தினாச் சரியாயிடும். இதுக்கெல்லாம் காசு வேணாம் சார்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு ஒழுங்காக வழிமுறை சொன்ன பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. பானெட்டைத் திறக்காமலே எப்படித் தெரிந்தது என்ற சந்தேகம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு ஆனந்தம் வந்துவிட்டது. நூற்றுக்கு நூறு போட்டார், சாவியைக் கொடுத்தார். சலவைச் சட்டை காரைப் பளபளவென்று துடைத்து, உள்ளே மல்லிகை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"ரேடியேட்டர் குழாய்?" என்று ஒப்புக்குக் கேட்டார் வாத்தியார்.

"சூப்பரா இருக்கு சார்!"

மனைவிக்கு மட்டும் அந்த வாசனையை மீறி வேறு ஏதோ மணம் வந்தது. "என்னங்க, இதுக்குக் காய்ச்சல் அடிக்கற மாதிரி இருக்கே? தொட்டா சுடுது, கீழ சொட்டுது." வாத்தியார் சிரித்தார். நூறு மார்க் வாங்கினவனுக்குத் தெரியாததா நர்ஸுக்குத் தெரிந்துவிடப்போகிறது!

அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பெரிய கூட்டம். நர்ஸுகள், டாக்டர்கள், காவலாளி, கேண்டீன்காரர், கட்டுப்போட்ட கையோடு சில நோயாளிகள். கூட்டத்தின் ஓரத்தில், சட்டைப் பையில் டேப்போடு மச்சான். வாத்தியார் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி பூங்கொத்தோடு கிணற்றில் இறங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். கார் கிளம்பியது.

கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், டமார்! பானெட்டுக்கடியிலிருந்து இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் சரிவில் கார் மட்டும் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. சரிவு முடிகிற இடம் நடுரோடு.

வாத்தியார் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். சோபா, சோபா என்று மனசு அடித்துக்கொண்டது.

"சிஸ்டர் வண்டிடா! பிடிங்கடா!" என்று வார்டு பாய் ஒருவர் கத்தினார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஓடி வந்து கை வைத்துவிட்டது. உருண்ட கார் உருண்டபடியே போனது. எலும்பு டாக்டர் ஒருவர் பழக்க தோஷத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் பானெட்டில் வைத்து, சூடு பட்டு அலறினார். அந்த அம்மாள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வார்டு ரவுண்ட்ஸ் போகிற தோரணையில் உத்தரவு போட்டார்.

"கட்டுப்போட்டவங்க தள்ளக்கூடாது! டேய் தம்பி, சும்மா வேடிக்கை பாக்காதே, நீயும் தள்ளு! லெஃப்டுல திரும்புங்க, பின்தெருவுக்கு!"

அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத மச்சானும் தள்ளினான். ஹாரன் மட்டும் நன்றாக வேலை செய்தது. வாத்தியார் வேறு செய்ய ஒன்றும் இல்லாமல் அதை அடித்துக்கொண்டே போனார். கார் பின்தெருவில் திரும்பி, நேராகப் புலம்பலின் ஷெட்டுக்குள் நுழைந்து, டயர் மலையில் முட்டித்தான் நின்றது.

புலம்பல் பானெட்டைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. "சொன்னேனா இல்லையா? குழாய், குழாய்னு அடிச்சுக்கிட்டேனே! ஊர்ல நாலு பேருக்கும் அந்தப் பாழாப்போன ஒயரைப் பத்தியே கவலை!"

"ஒயரா?" என்றார் வாத்தியார்.

"நீங்க ஒயரைப் புடுங்கிட்டு வந்து சோதிக்கறது இந்த ஊர் மெக்கானிக் அத்தனை பேருக்கும் தெரியும் சார். நீங்க தெருவுல நின்னு புடுங்கினத அண்ணன் தம்பி ஷெட்டுப் பையன் பாத்துட்டான். அப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அந்தச் சலவைச் சட்டையும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தான்."

வாத்தியார் அங்கிருந்த டயரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேள்வித்தாள் அவுட்! பரீட்சை ஹாலில் பறக்கும் ஈயைக்கூடச் சந்தேகப்படுகிறவர், ஒரே கேள்வியை நாலு இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே டேப்பை இழுத்தான். "அக்கா, பேச்சுன்னா பேச்சு. வண்டி நின்னுடுச்சு. நாளைக்கு ஆளோட வரேன்."

வாத்தியார் எழுந்தார். தப்பான விடைக்கு மார்க் கேட்டு நிற்கிற ஜாதி இல்லை அவர். சாவியை மனைவி முன்னால் நீட்டினார். 

அந்த அம்மாள் சாவியை வாங்கவில்லை. இன்னும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்த தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நடுரோட்டுல எங்கடா நின்னுச்சு? நீயும்தானே தள்ளிக்கிட்டு வந்தே? ஷெட்டுக்குள்ள வந்துதானே நின்னுச்சு?"

மச்சான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.   டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

"ஸ்ட்ரெச்சர், வீல்சேர், கட்டில்னு இந்த ஆஸ்பத்திரியில எத்தனை பேரைத் தள்ளியிருப்பேன், கணக்கே இல்ல" என்றார் அந்த அம்மாள்.  "ஒரு நாளாவது என்னை யாராவது உக்கார வெச்சுத் தள்ளியிருக்காங்களா? இன்னிக்குத்தான் தள்ளினாங்க. இந்த வண்டியப் போயி அறுக்கறதாம்!"

  வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாவியைப் புலம்பல் பக்கம் நீட்டினார்.

"உங்களுக்கு முட்டை போட்டது என் தப்பு. மறுமதிப்பீடு பண்ணிட்டேன். இனிமே வண்டி உங்க பொறுப்பு."

"மார்க்கெல்லாம் உங்க பள்ளிக்கூடத்துல வெச்சுக்கங்க. நீங்க பானெட் மேல கை வெக்கமாட்டேன்னு சிஸ்டர் சொல்லட்டும், அப்ப வாங்கிக்கறேன்" என்றார் புலம்பல்.

"வெக்கமாட்டாரு" என்றார் அந்த அம்மாள். "வெச்சா, அந்தக் கைக்குக் கட்டுப் போட இன்னமும் எனக்குத் தெரியும்."

புலம்பல் சாவியை வாங்கிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். "ஐயோ, என்ன சார் இது..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். வாத்தியார் பக்கத்தில் ஒரு டயரை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டியபடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.