மோசே அனுமதித்த வெட்டுக்கிளி

எட்டு வயதில் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

மானிப்பாயில் எங்கள் தேவாலயத்து ஞாயிறு பாடசாலையில் அப்பாதான் ஆசிரியர். மோசேயின் உணவுச் சட்டத்தை அன்று விளக்கினார். நீரில் வாழ்பவற்றில் சிறகும் செதிளும் இல்லாத எதையும் தின்னக்கூடாது. தத்துகிற வெட்டுக்கிளியையோ தின்னலாம். அதனால்தான் யோவான் ஸ்நானகன் வனாந்தரத்தில் அதையும் காட்டுத்தேனையும் உண்டார் என்றார். வீட்டுக்கு வந்தால், அடுப்பில் நண்டுக்கறி. நண்டுக்குச் செதிள் ஏது? அப்பாதான் முதல் ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

இந்த வீட்டில் ஒருவராவது வேதத்தின்படி சாப்பிடட்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து வெங்காயத் தோட்டத்து வேலியில் ஒரு பச்சை வெட்டுக்கிளி இருந்தது. வழக்கமாகக் கிட்டப் போனாலே தாவிவிடும். அன்று அசையாமல் என் கைக்கு வந்தது. கர்த்தர் தந்தார் என்று நினைத்தேன். மருந்துக்கு வைத்திருந்த தேனில் தோய்த்தேன். எனக்கு அருவருப்பாக இருந்ததால் மூன்று வயதுத் தம்பியை யோவானாக்கினேன். தேனைக் கண்டதும் அவன் வாயைத் திறந்தான்.

“உதென்னடி அவன்ரை வாயிலை?” என்று அம்மா ஓடிவந்தார்.

“வெட்டுக்கிளி. தின்னலாமெண்டு அப்பாதான் சொன்னவர்.”

“எங்கை பிடிச்சனீ?”

“தோட்டத்து வேலியிலை.”

கன்னத்தில் அறை விழுந்தது. “நீயும் திண்டனியோ?” இல்லை என்று தலையாட்டினேன். அம்மா தம்பியின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். அப்பா நண்டுக்காலைப் போட்டுவிட்டுக் கறிக் கையோடே சைக்கிளை எடுத்தார். என்னைப் பக்கத்து வீட்டு மாமியிடம் தள்ளிவிட்டு, மூவரும் ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டார்கள். ஆகுமான உணவுக்கு ஆசுப்பத்திரி, ஆகாத நண்டுக்கு விரல் சூப்பலா!

மாலையில் தம்பி கையில் பிஸ்கற்றோடு சிரித்துக்கொண்டு வந்தான். நான் வாசல் படலையிலேயே வழக்கைத் தொடங்கினேன்.

“அப்ப நண்டு மட்டும் தின்னலாமோ அப்பா?”

“அது பழைய ஏற்பாடு, பிள்ளை.”

“யோவான் புதிய ஏற்பாட்டிலை எல்லோ இருக்கிறார்?”

அப்பா சைக்கிளைச் சுவரோடு சாய்த்தார். அவர் விரல்களில் மதியக் கறி இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். அம்மா ஒரு வார்த்தை விளக்கவில்லை. சொல்லியிருக்கலாமே! பல மாதம் நான் நண்டைத் தொடவில்லை. அம்மா எனக்கு முட்டை பொரித்துத் தந்தார்.

போன கிழமை என் மகள் தோட்டத்தோரத்தில் இருந்து ஒரு வெட்டுக்கிளியை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள். காற்றில் பூச்சிமருந்து மணந்தது. தட்டிவிட்டு, சவர்க்காரம் போட்டு அவள் கையை மூன்று தரம் கழுவினேன்.

“ஏனம்மா?” என்றாள்.

“கூடாதெண்டால் கூடாது!” என்று கத்தினேன். அவள் முகம் சிவந்தது. அந்தக் கோபம் எனக்குத் தெரிந்த கோபம்.

அன்றும் இதே மணம் வேலி முழுவதும் இருந்தது. வெட்டுக்கிளி ஏன் தாவவில்லை என்று மட்டும் நான் கேட்கவேயில்லை.