அக்கா பிறந்த நாலரை மணி

போன வருடம் ஆவணி மாதம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கந்தோரில், மதியச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் கிளிவெட்டியிலிருந்து அம்மா போன் எடுத்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வேண்டாம் எண்டு சொல்லப்போயினம் போல கிடக்கு. அக்காவுக்குச் செவ்வாயாம்."

அவிழ்த்த பொதியைத் திரும்பக் கட்டிவிட்டேன். ஏனென்றால் அக்காவுக்குச் செவ்வாய் தோஷம் இல்லை, பொருத்தம் நல்லது என்று சொன்னவனே நான்தான்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தது நான் ஒருவன். பிறகு டவுனில் தங்கி கொம்பியூட்டர் படித்து, அந்தப் படிப்பாலேயே வேலையும் கிடைத்தது. அதிலிருந்து வீட்டில் எந்த விஷயம் என்றாலும் என்னிடம்தான் வரும். மின்சார பில், உர மானியப் பதிவு, மழை வருமா வராதா எல்லாம். நான் தட்டிப் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் கதை இல்லை. அக்காவுக்குச் சம்பந்தம் வந்தபோதும் அப்பா சாத்திரியாரிடம் போகவில்லை. "தம்பி இருக்கிறான்தானே" என்றார். நானும் இரண்டு பேருடைய பிறந்த திகதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் போனில் ஒரு சாதக மென்பொருளில் போட்டு, வந்ததைக் கலரில் பிரிண்ட் எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒன்று அனுப்பியிருந்தேன்.

மாப்பிள்ளைக்குச் சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை, வீடு டவுனில். அக்கா தையல்காரி. ஊரில் எத்தனையோ பேருடைய கல்யாணச் சட்டை அவள் தைத்தது. மாப்பிள்ளையின் படம் வந்த பிறகு தைக்கும்போது பாட்டு வரத் தொடங்கியிருந்தது. செவ்வாய் என்ற பேச்சு ஒரு தடவை ஊரில் பரவிவிட்டால் அடுத்து வருகிற ஒவ்வொரு சம்பந்தமும் அதைத்தான் முதலில் கேட்கும். அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் துறைமுகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சந்தித்தேன். அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சுக்கால் எல்லாம் அவர் பொறுப்பு. தன் போனையும் என் போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே பெயர், அதே திகதி, அதே பின்னேரம் நாலரை மணி. என் போனில் செவ்வாய் ஒன்பதாம் வீட்டில் இருந்தது, அவருடையதில் எட்டில். எட்டில் இருந்தால் தோஷம்.

"உங்கட போன் பொம்பிளை வீட்டுப் போன், தம்பி. அது அப்பிடித்தான் சொல்லும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு என்றால் எங்கே போட்டாலும் ஒரே விடைதானே வரவேண்டும்? கடைக்கு வெளியே, எங்கள் டவுன் தெருக்களில் சாதாரணமாகத் திரியும் மான்களில் ஒன்று என் கலர் பிரிண்டை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனது. "பாத்தீங்களா, அதுக்கும் சந்தேகம்" என்றார் சித்தப்பா.

அறைக்கு வந்து மென்பொருளை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தேன். உள்ளே ஒரு மூலையில் காரணம் கிடைத்தது. நாங்கள் பிறந்த காலத்தில் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, புது நேரம் என்று வைத்திருந்தார்கள். பல வருடம் கழித்துத்தான் பழையபடி மாற்றினார்கள். என் மென்பொருளுக்கு அது தெரிந்திருந்தது. நாலரையை நாலு மணி என்று எடுத்துக் கணித்திருந்தது. சித்தப்பாவுடையதற்கு அது தெரியவில்லை. நாலரையை நாலரையாகவே எடுத்துவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பிழை எங்களிடம் இல்லை!

சனிக்கிழமை கிண்ணியா, மூதூர் தாண்டி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது இதை எப்படி விளக்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்:

"புது நேரமோ? எங்கட வீட்டில ஆர் புது நேரம் பாத்தது? கந்தோரிலயும் ஆஸ்பத்திரியிலயும்தான் அது. இஞ்ச கோயில் பூசையிலயிருந்து எல்லாம் பழைய நேரம். நான் என்ர கையில கட்டின மணிக்கூட்டை ஒரு நாளும் திருப்பினதில்ல."

அப்படியானால் அந்த நாலரை, உண்மையான நாலரை. அப்படியானால் செவ்வாய் எட்டில். என் கெட்டிக்கார மென்பொருள், திருத்தத் தேவையில்லாததைத் திருத்தியிருக்கிறது!

குசினியிலிருந்து அம்மா வந்தார். "நேரம் பாத்தது உங்கட அப்பா இல்ல. மருத்துவிச்சி. அவ மூதூர் ஆஸ்பத்திரியில வேலை செய்தவ. அவட கையில புது நேரம்தான் இருந்திருக்கும்."

"நானும் பாத்தனான்" என்றார் அப்பா.

"நீங்கள் அந்த நேரம் வீட்டிலயே இல்ல. வயலுக்க நிண்டனீங்கள்."

"வந்து பாத்தனான்."

"வந்து பாக்கேக்க பிள்ளை பால் குடிச்சு முடிஞ்சுது."

மருத்துவிச்சி காலமாகிக் கனகாலம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வந்தார். அக்கா பிறந்தபோது தங்கள் மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பிவிட்டது நல்ல ஞாபகம் என்றார். அந்த மாடு பழைய நேரத்துக்கு வந்ததா புது நேரத்துக்கு வந்ததா என்று அப்பா கேட்டார். மாமி கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கதிரையில் உட்கார்ந்து போனில் நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நாலு மணி என்றால் அக்கா நல்ல மனைவியாக, குடும்பத்துக்கு ஒளியாக இருப்பாள் என்று வந்தது. நாலரை என்றால் கணவனுக்கு ஆபத்து, வீட்டில் சண்டை ஓயாது. நாலேகாலைப் போட்டேன். வேறொரு மென்பொருளை இறக்கி அதிலும் போட்டேன். எனக்கே தலை சுற்றியது. எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியாது, அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பார். மகாலட்சுமியா வந்தாலும் வருவன்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். அவள் எப்படிப்பட்டவள் என்று நான் ஒரு போனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர்களிடம் புது நேரம்தான் என்று அடித்துச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"பொய் சொல்லாத. பிறகு அவருக்கு ஒரு தும்மல், தடிமன் வந்தாலும் அவையள் மணிக்கூட்டைத்தான் பாப்பினம். தெரியாது எண்டால் தெரியாது எண்டு சொல்லு."

ஒரு சம்பந்தத்தைக் காப்பாற்ற "தெரியாது" என்று சொல்லப்போகும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபடி சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நேரம், புது நேரம், அப்பாவின் மணிக்கூடு, மருத்துவிச்சியின் மணிக்கூடு. மாட்டை மட்டும் விட்டுவிட்டேன். எந்த நேரம் சரி என்று எங்களுக்குத் தெரியாது என்று முடித்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் இன்னொரு குரல் வந்தது. மாப்பிள்ளை. போனை ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப சித்தப்பா, நான் டவுன் ஆஸ்பத்திரியில பிறந்தனான்தானே? அங்க புது நேரம். உங்கட போன் என்ர சாதகத்தையும் பிழையாத்தானே சொல்லியிருக்கும்?"

இத்தனை நாளும் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வீட்டாரும் அக்காவின் நேரத்தை மட்டும்தான் தோண்டிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் நேரத்தைப் பற்றி நான்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

"பொறு, பாப்பம்" என்று சித்தப்பா அதே போனைத் தட்டத் தொடங்குவது கேட்டது. உடனே மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே விழுந்தார்.

"வேணாம்! இனி ஒருத்தரும் ஒண்டும் தட்டிப் பாக்க வேணாம். ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க வாறம் எண்டு சொல்லுங்கோ."

அது நல்ல மனதா, தன் மகனுக்கு என்ன வந்து விழுமோ என்ற பயமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அப்பா பயம் என்கிறார். அம்மா, தாய் மனம் என்கிறார். அக்காவிடம் கேட்டால், "இரண்டும்தான்" என்கிறாள்.

அந்த ஞாயிறு வந்தார்கள். அக்காவையும் அவரையும் கொஞ்ச நேரம் தனியே பேசவிட்டோம். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டிருக்கிறாள். "மோட்டார்சைக்கிளைக் கழுவுவன்" என்றிருக்கிறார் அவர். அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. எந்தச் சாதகத்திலும் இல்லாத பதில்.

இந்த வருடம் வைகாசியில் கல்யாணம் நடந்தது. வேலை முடிந்து சில நாட்களில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். வாசலில் மோட்டார்சைக்கிள் பளபளவென்று, இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றால், நாலரைதான் சரியோ, செவ்வாய் எட்டில்தானோ என்று ஒரு கணம் மனம் குழம்பும். உள்ளே போனால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நாலு மணிதான் போல என்று நினைப்பேன்.

கந்தோரில் கொம்பியூட்டர் விடை சொன்னால் இப்போதும் நம்புகிறேன், அது என் பிழைப்பு. ஆனால் அந்த விடை ஒரு மனிதரைப் பற்றியது என்றால், நான் கேட்பது கொம்பியூட்டரிடமா அந்த மனிதரிடமா என்று அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலவே ஒவ்வொரு தடவையும் இருக்கிறது.